மாமனாரும் 3.8-உம்

பைத்தான் நிரல்மொழியின் எந்தப் பதிப்பு வரைக்கும் ஒரு ஃபிரேம்வொர்க் இறங்கி வரவேண்டும் என்று மூளையுள்ளவர்கள் மணிக்கணக்கில் வாதாடுகிறார்கள். சுங்கைப்பட்டாணியில் எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதை முடிவு செய்பவர் என் மாமனார்.

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர்; தோட்டத்துக் கோயிலின் நிரந்தரத் தலைவர். கோயில் கணினியில் ஓடுவது விண்டோஸ் 7. மைக்ரோசாஃப்ட் அதற்கு 2020 ஜனவரியிலேயே கருமாதி செய்துவிட்டது. மாமனாருக்குச் சேதி போகவில்லை. போயிருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அர்ச்சனை ரசீதுக்கு நிரல் எழுதும் பொறுப்பு மாப்பிள்ளை என்ற முறையில் எனக்கு வந்தது. விண்டோஸ் 7 ஏற்கும் கடைசிப் பைத்தான் 3.8. ஜாங்கோ என்ற ஃபிரேம்வொர்க்கில் அந்த 3.8-ஐ ஏற்கும் கடைசிப் பதிப்பு 4.2. 2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0, பைத்தான் 3.10-க்குக் கீழே யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடும். ஜாங்கோக்காரர்களைக் கல்நெஞ்சர்கள் என்று சொல்லமாட்டேன். பழைய பதிப்பு ஒவ்வொன்றிலும் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும். மொழியின் புது வசதிகளைத் தொடவும் முடியாது. அதனால் வெட்டிவிடுகிறார்கள். அவர்களில் யாரும் என் மாமனார் வீட்டில் பெண்ணெடுக்கவில்லை.

பழசை விடுவதில் நமக்கும் லாபம் உண்டு. ‘அம்மா’வின் நீளம் கேட்டால் பைத்தான் 2, பைட்டுகளை எண்ணி 15 என்னும். 2008-இல் வந்த பைத்தான் 3, புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனியாக எண்ணி 5 என்னும். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகள் 3 என்றாள். ‘ஓப்பன்-தமிழ்’ நிரலகம் அவள் கட்சி. அதைச் சேர்க்கும்வரை உபயதாரர் பெயர்களின் துணைக்கால்கள் ரசீதில் அடுத்த வரிக்குத் தனியே நடந்துபோயின.

“இப்ப எது போட்டிருக்கீங்க, மாப்பிள்ளை?”

“3.8, மாமா. 2024 அக்டோபரோட அதுக்குத் திருத்தம் வர்றது நின்னுபோச்சு.”

“நான் 2009-லேயே ரிட்டையர் ஆயிட்டேன். கணக்குப் பார்க்கிறது நின்னுபோச்சா?”

பதில் இல்லாததால் தேத்தண்ணீர் குடித்தேன்.

“புது கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லி அப்பாகிட்ட பேசுங்களேன்” என்றாள் மனைவி.

“உன் அப்பாதானே, நீ பேசேன்.”

“உங்க புரோகிராம்தானே!”

நிரலின் விவரக் கோப்பில் ‘குறைந்தபட்சத் தேவை: பைத்தான் 3.8’ என்று கம்பீரமாக எழுதினேன். காரணம் என்ற இடத்தில், ‘பரந்துபட்ட பயனர்களின் நலன்’. பரந்துபட்ட பயனர்கள் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரசீதில் தலைவர் பெயர் ஏன் இவ்வளவு பொடியாக விழுகிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.