கன்டெய்னரின் காதில் சொல்வது

கே: செட்டிங்ஸை எல்லாம் இமேஜுக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டால் என்ன? என்விரான்மென்ட் வேரியபிள் எதற்கு?

ப: டெஸ்டிங்குக்கு ஒரு இமேஜ், லைவுக்கு ஒரு இமேஜ் என்று பில்ட் போட்டுக்கொண்டே இருப்பீர்கள். டெஸ்ட் செய்தது ஒன்று, ஓடுவது வேறொன்று. இமேஜ் ஒன்றே இருக்கட்டும். எந்த டேட்டாபேஸ், எந்த போர்ட் என்பதையெல்லாம், பிறந்த குழந்தையின் காதில் பெயர் சொல்வதுபோல, கன்டெய்னரைக் கிளப்பும்போது வேரியபிள் வழியாகச் சொல்லுங்கள். 2011-இல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ், செயலிகளை உருவாக்குவதற்காக எழுதிய 'ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப்' என்ற பன்னிரண்டு அம்சங்களில் மூன்றாவது இதுதான். வேரியபிளோ 1979-இன் ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே வந்துவிட்டது.

கே: என்வ் ஃபைலில் போஸ்ட்கிரஸ் பாஸ்வேர்டை மாற்றி ரீஸ்டார்ட் செய்தேன். பழையதையே கேட்கிறது. ஏன் இந்தப் பிடிவாதம்?

ப: தடை இரண்டு இடத்தில். ரீஸ்டார்ட் என்பது அதே கன்டெய்னரை நிறுத்திக் கிளப்புவது. உருவாக்கியபோது கொடுத்த மதிப்புதான் அதில் இருக்கும். ஃபைலைத் திரும்பிப் பார்க்காது. புதிதாக உருவாக்க வேண்டும். டாக்கர் கம்போஸில் மறுபடி 'அப்' கொடுத்தால் மாற்றத்தைக் கண்டு அதுவே செய்துவிடும்.

அதன்பிறகும் பழைய பாஸ்வேர்டுதான் செல்லும். போஸ்ட்கிரஸ் இமேஜின் என்ட்ரிபாயின்ட் ஸ்கிரிப்ட், டேட்டா டைரக்டரி காலியாக இருந்தால் மட்டுமே பாஸ்வேர்ட் வேரியபிளை எடுத்துக்கொள்ளும். உங்கள் வால்யூமில்தான் ஏற்கெனவே டேட்டா இருக்கிறதே! டேட்டாபேஸுக்குள் போய் 'ஆல்டர் யூசர்' கட்டளையால் மாற்றுங்கள். வால்யூமை அழித்துவிட்டுத் தொடங்கச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். புது பாஸ்வேர்ட் வரும், டேட்டா போய்விடும். வேண்டாம்.

கே: டீபக் வேரியபிளுக்கு 'ஃபால்ஸ்' கொடுத்தும் டீபக் ஓடுகிறதே?

ப: வேரியபிளில் வருவது எல்லாமே ஸ்ட்ரிங். காலியில்லாத எந்த ஸ்ட்ரிங்கும் பைத்தானுக்கு 'ட்ரூ'தான். கோடில் மதிப்பை 'ட்ரூ' என்ற ஸ்ட்ரிங்குடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கே: பாஸ்வேர்டை வேரியபிளில் வைப்பது பத்திரமா?

ப: டாக்கர்ஃபைலில் எழுதுவதைவிட மேல்; அங்கே எழுதினால் இமேஜை இறக்குகிற எல்லோர் கைக்கும் போய்விடும். ஆனாலும் 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' அடித்தால் வேரியபிளும் வெட்டவெளிச்சம்தான். போஸ்ட்கிரஸ், மைசீக்வல் அதிகாரபூர்வ இமேஜ்களில் வேரியபிள் பெயரின் கடைசியில் '_FILE' என்று சேர்த்து ஒரு ஃபைலின் பாதையைக் கொடுத்தால், பாஸ்வேர்டை அங்கிருந்து படித்துக்கொள்ளும். சீக்ரெட்டாக மவுன்ட் செய்த ஃபைலைக் காட்டுங்கள். என்வ் ஃபைலை கிட்டில் ஏற்றாதீர்கள். ஏற்றிவிட்டீர்களா? ஃபைலை நீக்கினால் போதாது, ஹிஸ்டரியில் இருக்கும். இன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.