வீடு அவர் பெயரில்தான்...

கேள்வி: அடுக்குமாடி வீடு கணவர் பெயரில் இருக்கிறது. இருபது வருஷமாகச் சமைத்தேன், பிள்ளைகளை வளர்த்தேன், சம்பளம் வாங்கியதில்லை. விவாகரத்தானால் எனக்குப் பங்கு உண்டா?
- வாசகி, கம்போங் மேடான்

பதில்: உண்டு, தங்கச்சி! சம்பளச் சீட்டு தராத வேலையும் மலேசியச் சட்டத்தின் கண்ணில் வேலைதான். 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின் 76-ஆம் பிரிவைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் (முஸ்லிம் அல்லாதோருக்கான சட்டம் இது). ஒருவரே சம்பாதித்து வாங்கிய சொத்தில் அவருக்கே பெரும்பங்கு என்றிருந்த விதியை, 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தம் எடுத்துவிட்டது. இப்போது நீதிமன்றம் சமபங்கின் பக்கமே சாயவேண்டும். அடுப்படியில் கழிந்த ஆண்டுகளும் கணக்கில் வரும். கணவர் பிரிய ஒப்பாவிட்டால், பொதுவாக முதலில் தேசியப் பதிவுத் துறையின் சமரசக் குழு, பிறகுதான் வழக்கு. அதற்குள் வீட்டை விற்றுவிடுவார் என்ற பயமிருந்தால், தடையுத்தரவு பற்றி வழக்கறிஞரிடம் இன்றே பேசுங்கள்.