ஐநூற்று ஒன்றில் அந்த ஒன்று

2016 நவம்பர் 8, இரவு எட்டு மணி. 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் டிவியில் சொன்ன நேரத்தில், மதுரை விளாங்குடியில் என் அக்கா வீட்டில் காதுகுத்துக்காகப் பந்தல்காரரிடம் முன்பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவு வரை செல்லும் என்றுதான் அவரும் சொன்னார். பந்தல்காரர் அதைக் கேட்க அங்கே இல்லை. பணத்தைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு டிவிஎஸ் 50-ஐ மிதித்துப் போய்விட்டார்.

விழா 13ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அன்று வங்கிகளும் திறந்திருந்ததால், பந்தி வரிசையைவிட வங்கி வரிசை நீளம். தாய்மாமன் என்பதால் பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தும்வரை எனக்கு மரியாதை இருந்தது. குத்தி முடித்த கையோடு மொய் எழுத உட்காரவைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் செய்முறை என்றால் அது அன்பளிப்பு இல்லை, தவணை தேதி போடாத கடன். திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் ஏற்றிச் செய்யணும். வாங்கிய தொகையையே வைத்தால் கணக்கு முடிந்தது, பேச்சுவார்த்தையும் முடிந்தது என்று பொருள். ரிசர்வ் வங்கியைவிடக் கறாரான ஏற்பாடு இது.

அன்றைக்கு விளாங்குடியில் கருமி என்று ஒருத்தர்கூட இல்லை. காலங்காலமாக 201 எழுதுகிறவர்கள் 1,001 எழுதினார்கள். பரவை மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், அக்கா வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை, எப்போதும் 501-க்கு மேல் தாண்டாதவர். அவர் பத்துப் பழைய ஐநூறுகளை விசிறியாக விரித்து, மேலே ஒரு ரூபாய்க் காசையும் வைத்தார்.

"ஐயாயிரத்து ஒண்ணு. எழுதிக்க மாப்ளே."

"மாமா, இதெல்லாம் செல்லாதே?"

"பேங்க்ல போட்டுக்கலாம்ல? டிசம்பர் 30 வரைக்கும் டைம் இருக்கு. நான் போய் வரிசைல நிக்கிறதுக்குப் பதிலா உங்க மச்சான் நிக்கட்டும்."

பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக 'ப.நோ.' என்று எழுதினேன். பழைய நோட்டு.

"அதென்ன மாப்ளே, எனக்குப் பட்டப்பேரா?"

விளக்கம் சொன்னதும் மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது. பழைய நோட்டில் வந்த மொய்யை எந்த நோட்டில் திருப்பிச் செய்வது என்று மேசையைச் சுற்றி ஒரு பொருளாதார மாநாடே கூடியது. ஐந்து முதல் பத்து வரை எல்லா வட்டி விகிதங்களும் பேசப்பட்டன. கடைசியில், அந்த 5,001-ல் அன்றைக்குச் சந்தேகமில்லாமல் செல்லுபடியானது அந்த ஒரு ரூபாய் மட்டும்தான் என்று முடிவானது. ஒரு ரூபாயை வெளியிடுவது ரிசர்வ் வங்கி இல்லை, மத்திய அரசே நேரடியாக வெளியிடுகிறது. அதனாலோ என்னவோ, அரசு அதன்மேல் கை வைக்கவில்லை.

திருப்பரங்குன்றத்திலிருந்து வந்த உறவினர்களுக்கு வேறு கவலை. அங்கே நவம்பர் 19 இடைத்தேர்தல். அதே நாளில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் வாக்குப்பதிவு. அந்த இரண்டும் பணப் பட்டுவாடாப் புகாரில் மே மாதம் நிறுத்தப்பட்ட தேர்தல்கள். "நாடே சில்லறைக்கு அலையுது, இவங்க பாடு என்னாகும்?" என்று ஒரு பெரியம்மா வேட்பாளர்களுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த இரண்டு நாளில் இன்னொரு அறிவிப்பு வந்தது: நோட்டு மாற்றுகிறவர்களுக்கு விரலில் அழியாத மை. தேர்தல் நேரத்தில் இது குழப்பம் என்று தேர்தல் ஆணையமே நிதி அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தன் பணத்தைத் தானே வாங்கியதற்கு மை வைத்த கதை மதுரைக்காரனுக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை. அவன் கேள்விப்பட்டவரையில் வாங்குவது ஊரான் பணம், மை வைப்பது அதற்குப் பிறகு.

கேள்விப்பட்டது என்றால், திருமங்கலம் ஃபார்முலாவைத்தான் சொல்கிறேன். அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலானது 2008 செப்டம்பரில். உலகமே செலவழிக்க ஆளில்லாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, 2009 ஜனவரி 9-ல் எங்கள் மாவட்டத்துத் திருமங்கலத்தில் இடைத்தேர்தல். காலை நாளிதழுக்குள் கவர், ஓட்டுக்கு 5,000 ரூபாய் என்று அமெரிக்கத் தூதரக அதிகாரி ஒருவர் தன் அரசுக்கு எழுதியது 2011-ல் விக்கிலீக்ஸில் வெளியானது. மந்தம் நீங்க வேண்டுமென்றால் பழைய பாட்டில்களில் நோட்டுகளை அடைத்துச் சுரங்கத்தில் புதைத்து, ஜனங்களைத் தோண்டி எடுக்க விட்டாலும் தேவலை என்று 1936-லேயே எழுதியவர் பொருளாதார அறிஞர் கீன்ஸ். பேப்பர் போடும் பையனைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க விளாங்குடியில் நாங்கள் காசு கொடுத்தே பேப்பர் வாங்கினோம். உதறிப் பார்த்தும் ஜவுளிக்கடை நோட்டீஸ்தான் விழுந்தது.

மச்சான் மொய்ப்பணத்தோடு வங்கிக்குப் போனபோது, இவ்வளவு ரொக்கம் எப்படி வந்தது என்று கவுன்ட்டரில் கேட்டிருக்கிறார்கள். மஞ்சள் தடவிய மொய் நோட்டை எடுத்து நீட்டியிருக்கிறார். காசாளர் நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "ப.நோ.ன்னா என்ன சார்?" என்றாராம்.

ஒழித்த நோட்டுகளில் 99.3 சதவீதம் திரும்பி வந்துவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-ல் கணக்குச் சொன்னது. எந்த மொய் நோட்டிலும் இப்படி ஒரு வசூலை நான் பார்த்ததில்லை.

2023 ஜூனில் அதே பிள்ளைக்குச் சடங்கு. மறுபடியும் மேசையில் நான். அதற்கு முந்தின மாதம் 19ஆம் தேதிதான் 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்திருந்தது. பரவை மாமா வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். கையில் ரோஸ் கலரில் மூன்று.

"ஆறாயிரத்து ஒண்ணு. அந்த ஒரு ரூபாயை மட்டும் தனியா எழுது மாப்ளே."