சுருங்கிய வீடும் சுருங்காத விரலும்: பொம்மை வீட்டுக் காயங்கள் குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்க மருத்துவமனைக்குக் காயத்தோடு போகிறவரை டாக்டர் பார்ப்பது ஒருபுறம் இருக்க, அவருக்கு ஓர் எண்ணும் கொடுத்துவிடுகிறார்கள். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் நோய்க் குறியீட்டுத் தொகுப்பில், வாத்து மோதி அடிபட்டவருக்கு டபிள்யூ 61.62 என்று ஓர் எண் உண்டு. வாத்து கடித்தவருக்கு வேறு எண். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடிபட்ட நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்தார் என்பதற்கும் எண்கள் இருக்கின்றன. பின்னல் வேலை என்றால் ஒய் 93.டி1, தையல் என்றால் டி2, மேசை நாற்காலி செய்தல் என்றால் டி3. பொழுதுபோக்காகப் பொம்மை வீடு கட்டிக் கையை வெட்டிக்கொண்டவருக்கு மட்டும் தனி எண் இல்லை. இதர கைவேலைகள் என்ற டி9இல் அவரையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறார்கள். அவர் செய்துகொண்டிருந்தது நாற்காலிதான், ஆனால் மூன்று அங்குல நாற்காலி என்றால் டி3 செல்லுமா என்ற சட்டச் சிக்கலையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. வாத்துக்குக் கிடைத்த நியாயம் இவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். இது நிறுவ முற்படும் கருத்து ஒன்றுதான்: பொம்மை வீட்டுக் காயத்துக்குக் காரணம் கவனக்குறைவு அன்று, கணக்கு. வீட்டைப் பன்னிரண்டால் வகுக்கிறோம், கட்டுகிறவரை வகுப்பதில்லை. வகுபடாமல் நிற்கும் அந்த மீதிதான் காயமாக வெளிப்படுகிறது.

முதலில் அளவையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பொம்மை வீடு என்றதும் சிறுவர் விளையாட்டு என்று நினைப்பவர்கள் பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்டை மறந்துவிடுகிறார்கள். 1550களின் இறுதியில் அவர் செய்வித்த சிறு மாளிகை, பெரியவர்கள் பார்த்து வியப்பதற்கானது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இன்றும் இருக்கும் பெட்ரொனெல்லா ஊர்ட்மனின் பொம்மை வீடும், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு செல்வச் சீமாட்டி ஆசையாகச் சேர்த்ததுதான். இன்றைய பொழுதுபோக்காளர்களிடம் அதிகம் புழங்குவது 1:12 அளவை. ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடும். ஏழடிக் கதவு ஏழங்குலம். நீளம் பன்னிரண்டில் ஒன்றானால் பரப்பு 144இல் ஒன்று, கன அளவு 1728இல் ஒன்று. உருவத்தின் அளவு மாறும்போது அதன் குணங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த நூலில் எலும்பையும் உத்தரத்தையும் வைத்து விளக்கினார். அவர் விட்டுவிட்ட உறுப்பு கட்டைவிரல். சுமார் 2 செ.மீ. அகலமுள்ள கட்டைவிரல், பொம்மை வீட்டு வாசலில் நுழைந்ததும் 24 செ.மீ. அகலத் தூணாகிறது. ஐந்தரை அடி ஆசாமி 66 அடிப் பூதமாகிறார். பூதம் வீட்டு வேலை செய்தால் சேதம் வீட்டுக்குத்தான் என்று தோன்றும். உண்மையில் அடிபடுவது பூதம்.

ஆணியிலிருந்து தொடங்கலாம். நிஜ வீட்டில் வேலை செய்யும் ஆசாரி மூன்றங்குல ஆணியை இரு விரலால் பிடிக்கிறார். ஆணியின் தலை விரலுக்கு மேலே நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். சுத்தியல் குறி தவறினாலும் விரலை அடைய அது கொஞ்ச தூரம் போயாக வேண்டும். அதற்குள் கையை இழுத்துக்கொள்ளவும் முடியும். பொம்மை வீட்டுக் கதவில் பித்தளைக் கீலைப் பொருத்தும் ஆணியோ நான்கு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைப் பிடிக்கும் இரு விரல் நுனிகளும் ஒன்றுசேர்ந்ததும் ஆணி இருந்த இடமே தெரியாது. குறியைப் பிடித்திருப்பது குறியைவிடப் பெரிதாக இருக்கும் தொழில் உலகில் அதிகம் இல்லை. இங்கே சரியாகக் குறிபார்த்து அடித்தாலும் விரலில்தான் விழும். குறி தவறினால்தான் தப்பிக்க ஏதோ வாய்ப்பிருக்கிறது. கவனமாக இருங்கள் என்று இவர்களிடம் சொல்வதில் உள்ள அபத்தம் இதிலிருந்து விளங்கும்.

அடுத்தது கத்தி. பேனா மாதிரியான பிடியில் மாட்டும் 11ஆம் எண் பிளேடுதான் இத்துறையின் பிரதான ஆயுதம். அறுவை மருத்துவர்களின் கத்தியிலும் 11ஆம் எண் என்றால் கூர்நுனி முக்கோண பிளேடுதான். ஆபரேஷன் தியேட்டருக்கும் பொழுதுபோக்கு மேசைக்கும் உள்ள வேறுபாடு மயக்க மருந்து மட்டுமே. ஜன்னலுக்கு 3 மி.மீ. அகலத்தில் ஒரு சட்டம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பால்சா மரத் தகட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து இடது சுட்டுவிரலால் அழுத்துகிறார்கள். அழுத்தத்தில் விரல் சதை பிதுங்கி ஸ்கேலின் ஓரத்தை எட்டிப் பார்க்கும். ஸ்கேலின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். பிளேடு கொஞ்சம் மழுங்கிவிட்டால் கை தன்னையறியாமல் கூடுதலாக அழுத்தும். அழுத்தம் கூடியதும் பிளேடு மரத்தை விட்டு ஸ்கேலின் மேல் ஏறும். ஏறிய இடத்தில் விரல் தயாராக இருக்கும். நிஜ வீட்டுச் சட்டம் 36 மி.மீ. அகலம், அதை அறுக்கும் வாளுக்கும் பிடிக்கும் கைக்கும் நடுவே ஒரு முழம் விட்டுக்கொள்ளலாம். 1:12இல் அந்த முழம் ஒன்றரை அங்குலமாகிவிடுகிறது. மரம் வகுபட்டது, முழமும் வகுபட்டது, விரல் மட்டும் நின்ற இடத்தில் நிற்கிறது.

பசையின் வழக்கு இன்னும் நுட்பமானது, ஏனென்றால் விரலைப் போலவே சொட்டும் சுருங்குவதில்லை. ஒரு சொட்டு என்பது தோராயமாக 0.05 மி.லி. என்பது மருந்துக்காரர் கணக்கு. பசைச் சொட்டு அதில் பாதி என்றே வைத்துக்கொண்டாலும், 1728ஆல் பெருக்கினால் பொம்மை வீட்டார் பார்வையில் அது 43 மி.லி. நிஜ வீட்டில் ஒரு கதவுக் குமிழை ஒட்ட அத்தனை பசையை யார் ஊற்றுவார்? மிச்சம் எங்கே போகும் என்பதற்கு விரலைப் பார்த்தால் போதும். சயனோஅக்ரிலேட்டை 1942இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர் கண்டது, துப்பாக்கியில் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது. தொட்டதையெல்லாம் பிடித்துக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கப்பட்ட அது, 1958இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. ஈரம் பட்டதும் இறுகுவது அதன் இயல்பு. உலர்ந்த மரத்தைவிட வியர்த்த விரலில் ஈரம் அதிகம் என்பதால், குமிழ் கதவை மறந்து விரலோடு உறவாடிவிடுகிறது. பதறிப்போய்ப் பருத்தித் துணியால் துடைத்தாலோ, பருத்தியோடு சேர்ந்து சூடேறி விரலைச் சுடவும் செய்யும். இதே குடும்பப் பசையை வியட்நாம் போரில் இரத்தக்கசிவை நிறுத்தத் தெளித்தார்கள். தோலை ஒட்டுவதற்கென்றே செய்த வகைக்கு 1998இல் அமெரிக்க அரசின் அனுமதியும் கிடைத்தது. காயம் தருவதும் காயத்தை மூடுவதும் ஒரே வம்சம். அதற்காகக் கடையில் வாங்கிய டியூபை வெட்டுக்காயத்தில் பிதுக்கிவிடலாம் என்று யாரும் இக்கட்டுரையை மேற்கோள் காட்ட வேண்டாம்.

இனிப் பரபக்கத்துக்கு வருவோம். பழகிய கைக்கு அடிபடாது, காயமெல்லாம் புதியவர்களுக்குத்தான் என்பது முதல் மறுப்பு. எடுத்துக்காட்டாக இவர்கள் காட்டக்கூடியது, புது தில்லியை வடிவமைத்த எட்வின் லட்யென்ஸ் 1921க்கும் 1924க்கும் இடையே இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1:12 அளவையில் உருவாக்கி, இன்று விண்ட்சர் கோட்டையில் இருக்கும் பொம்மை வீடு. குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், லிஃப்ட் இயங்கும். நூலகத்தில் கானன் டாயில் தம் கையாலேயே எழுதித் தந்த குட்டிப் புத்தகம் இருக்கிறது. உண்மைதான். ஆனால் அதில் உழைத்த கலைஞர்களும் கைவினைஞர்களும் சுமார் 1,500 பேர். அதாவது 15,000 விரல்கள். தச்சர் தச்சு வேலை பார்த்தார், ஓவியர் ஓவியம் வரைந்தார், ஆபத்து பங்கிடப்பட்டது. வீட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பொழுதுபோக்காளரோ தச்சர், கொத்தனார், எலக்ட்ரீஷியன், பெயின்டர், தையற்காரர் எல்லாம் தாமே. அத்தனை தொழில்களின் காயங்களும் பத்தே விரல்களில் வந்து இறங்குகின்றன. அப்படியும் ஒருவர் கை தேறிவிட்டால் என்ன செய்கிறார்? நிம்மதியாக 1:12இல் இருப்பதில்லை. 1:24க்குப் போகிறார், பிறகு 1:48. கடைசியில் 1:144, அதாவது பொம்மை வீட்டுக் குழந்தை விளையாடுவதற்கான பொம்மை வீடு. அங்கே கட்டைவிரலின் அகலம் 2.88 மீட்டர், ஓர் அறையின் உயரத்தையே நிரப்பிவிடும். திறமை கூடக் கூட விரலும் தடிக்கிறது என்பதால் தேர்ச்சியால் யாருக்கும் விமோசனம் இல்லை.

கையுறை போட்டுக்கொள்ளட்டும், விரலுக்குப் பதில் இடுக்கியால் பிடிக்கட்டும் என்பது இரண்டாம் மறுப்பு. வெட்டுத் தாங்கும் கையுறை ஒரு மில்லிமீட்டர் தடிமன் என்றால், இருபுறமும் சேர்த்துப் பொம்மைக் கணக்கில் விரலை 24 மி.மீ. பெருக்கவைக்கிறது. நோயே விரல் பெரிதாக இருப்பதுதான். மருந்து அதை இன்னும் பெரிதாக்கினால் எப்படி? இடுக்கி விரலைக் காப்பாற்றும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இடுக்கியின் நுனியில் சற்றே சாய்ந்து அகப்பட்ட குமிழ், அழுத்தம் கூடியதும் துள்ளிப் பறக்கும். பறந்ததைத் தேடி மேசைக்கு அடியில் தவழ வேண்டும். முன்பே காணாமற்போன குண்டூசி முழங்காலில் கிடைக்கும். குமிழ் கிடைத்த மகிழ்ச்சியில் எழும்போது மேசையின் அடிப்பலகை தலையில் கிடைக்கும். காயம் ஒழியவில்லை, விரலிலிருந்து முழங்காலுக்கும் தலைக்கும் இடமாற்றம் பெற்றிருக்கிறது. லேசரில் வெட்டிய பாகங்களாகவே பெட்டியில் வரும் கிட் கத்தியை ஒழித்துவிடுகிறதே என்றால், பசையை ஒழிக்கவில்லை என்பதே பதில்.

மூன்றாம் மறுப்பு நம் மரபிலிருந்து எழுவதால் மரியாதையோடு எதிர்கொள்ள வேண்டும். தமிழ்ப் பெண்கள் சங்க காலம் தொட்டு மணலில் சிற்றில் கட்டி விளையாடியிருக்கிறார்களே, ஒருத்திக்காவது விரல் வெட்டுப்பட்டதாகப் பாட்டு உண்டா? இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே உண்டு. நாச்சியார் திருமொழியில் ஆண்டாளும் இதற்காகக் கண்ணனிடம் முறையிட்டிருக்கிறாள். எங்கும் சேதம் வீட்டுக்குத்தான், கட்டியவளுக்கு இல்லை. இது நம் கோட்பாட்டைக் கவிழ்ப்பதாகத் தோன்றும், ஆனால் தாங்கவே செய்கிறது. சிற்றிலுக்கு அளவை கிடையாது. எதன் பன்னிரண்டில் ஒரு பங்கும் அன்று அது. கை கொண்ட மட்டும் மணலை அள்ளிக் குவித்ததே வீடு. விரலே அங்கே அளவுகோலும் கருவியும். வகுத்தல் இல்லாத இடத்தில் மீதி ஏது? கலித்தொகையின் குறிஞ்சிக்கலியில், முன்பு சிற்றிலைக் காலால் சிதைத்தவனே பின்னொரு நாள் தண்ணீர் கேட்டு வந்து கையைப் பிடிக்க, பெண் அலறிவிட்டுத் தாயிடம் அவனுக்கு விக்கல் என்று சமாளிக்கிறாள். சிற்றில் வரலாற்றில் பதிவான ஒரே உடல் உபாதை அதுதான், அதுவும் பொய்.

இவ்வளவு சிறிய காயத்துக்கு இவ்வளவு பெரிய ஆய்வா என்பது கடைசி மறுப்பு. எந்த அளவையில் சிறியது என்று திருப்பிக் கேட்க வேண்டும். ஒரு சொட்டு இரத்தம், வரவேற்பறைக் கம்பளத்தில் விழுந்ததும் 86 மி.லி. ஆகிறது, நிஜ வீட்டில் அத்தனை கொட்டினால் போலீஸ் வரும். விரல் வெட்டுப்பட்டவரின் மெய்ப்பாடுகளைக் கவனித்தால் இது இன்னும் உறுதிப்படும். முதலில் மருட்கை: வெட்டு தெரிகிறது, இரத்தம் இன்னும் வரவில்லை. அடுத்து அச்சம், அதுவும் புதிதாக ஒட்டிய சுவர்த்தாளை நினைத்து. அடிபட்ட கை வீட்டை விட்டு விலக்கப்படுவது வீட்டைக் காப்பாற்றத்தான். கட்டுகிறவரின் கண்ணும் மனமும் என்றோ 1:12க்குச் சுருங்கி அந்த வீட்டில் குடிபோய்விட்டன. உடம்பு மட்டும் வாசலில் நிற்கிறது. அந்த வாசற்படியில் நடக்கும் மோதலைத்தான் விபத்து என்கிறோம். உலகமும் பொம்மையின் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவின் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீ 1940களில் துப்பறிவாளர் பயிற்சிக்காக, மர்ம மரணங்கள் நிகழ்ந்த அறைகளை 1:12 அளவையில் அமைத்தார். அவற்றில் 18 இன்றும் பால்டிமோரில், மேரிலாந்து மாநிலத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அலுவலகத்தில் இருக்கின்றன. பொம்மை எப்படிச் செத்தது என்று காவல்துறையினர் பூதக்கண்ணாடியோடு ஆராய்கிறார்கள். அதன் காலுறையைக் குண்டூசியால் பின்னிய விரல் எத்தனை முறை குத்துப்பட்டது என்பது பாடத்திட்டத்தில் சேரவில்லை.

ஆகவே இக்கட்டுரை முன்வைக்கும் பரிந்துரைகள் இரண்டு. ஒன்று, ஒய் 93.டி4 என்னும் எண்ணைப் பொம்மை வீடு கட்டுவோருக்கு ஒதுக்க வேண்டும். மற்றது உடனே செய்யக்கூடியது. ஜான்சன் அண்டு ஜான்சன் ஊழியர் எர்ல் டிக்சன், விரலை வெட்டிக்கொண்ட தம் மனைவிக்காகப் பேண்ட்-எய்டை 1920இல் உருவாக்கினார். 1921இல் அது விற்பனைக்கு வந்தது. லட்யென்ஸ் பொம்மை வீட்டைத் தொடங்கிய ஆண்டும் 1921. இதைத் தற்செயல் என்று தள்ளிவிட ஆய்வு மனம் இடம் கொடுக்கவில்லை; ஆனால் டிக்சனின் மனைவி விரலை வெட்டிக்கொண்டது முழு அளவுச் சமையலறையில் என்பதால் வற்புறுத்தவும் இல்லை. பொம்மை வீட்டுக் குளியலறைச் சுவரில் ஒரு முதலுதவிப் பெட்டி மாட்டிவைப்பது இவர்களுக்குப் பிரியமான வேலை. 72க்கு 19 மி.மீ. பேண்ட்-எய்ட், 1:12இல் 6க்கு 1.6 மி.மீ. என்று ஆகிறது, அதைத் துல்லியமாக நறுக்கப் புத்தம் புது 11ஆம் எண் பிளேடு வேண்டும். பிளேடை மாட்டுவதற்கு முன்பே முழு அளவுப் பேண்ட்-எய்ட் ஒரு டப்பா வாங்கி மேசையில் வைத்துவிட வேண்டும். வரிசை மாறக் கூடாது.