லாபத்தின் ருசி அறிந்த சபைக்கு

ஜி.எஸ்.டி. கவுன்சில் சமூகத்திற்கு, புதுச்சேரி நோணாங்குப்பத்துப் பிரஜை ஒருவன் அநேக வந்தனங்களுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம்.

2024 டிசம்பர் 21-ஆம் தேதி ஜெய்சால்மரில் கூடிய தங்கள் 55-ஆவது கூட்டத்தில், உப்பும் மசாலாவும் தூவிய பாப்கார்னைச் சில்லறையாக விற்றால் 5 சதவிகிதம், உறையிலிட்டுப் பெயர் ஒட்டினால் 12, சர்க்கரைப் பாகு பூசினால் 18 என்று தாங்கள் ருசிபேதம் கண்ட சூக்ஷ்ம புத்தியை வியந்து முடிப்பதற்குள், அதே நாளில் அடியேனுடைய அற்ப ஆசையின்மீதும் தங்கள் கடாக்ஷம் விழுந்துவிட்டதை அறிந்தேன். புதிய மின்சாரக் காருக்கு 5 சதவிகிதத்தோடு திருப்தியடையும் தாங்கள், பதிவுபெற்ற வியாபாரி விற்கும் பழைய மின்சாரக் காருக்கு, அவர் வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தின் மேல், 12 ஆக இருந்த வரியை 18 ஆக்கினீர்கள். முழு விலைக்கு அன்று, லாபத்துக்கு மட்டுமே என்பது வாஸ்தவம். அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு வேறு. கடலூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் (பெயர் எதற்கு?) சிறிய மின்சாரக் கார் ஒன்றைக் காட்டி, “டாக்டர் வச்சிருந்த வண்டி சார், சிங்கிள் ஓனர், ஃபுல் சார்ஜில் இருநூறு கிலோமீட்டர் அசையாம போகும்” என்றார். ஆர்.சி. புத்தகம் இருந்தது, இன்ஷூரன்ஸ் இருந்தது, 29, 30 எண் படிவங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தன, புகையே இல்லாத வண்டிக்குப் புகைச் சான்றிதழ் வேண்டாமென்று சர்க்காரே விலக்களித்திருக்கிறது. காரின் விலையில் பெரும்பங்கை விழுங்கும் பேட்டரி, வெயிலிலும் அவசர சார்ஜிலும் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. கேட்டதற்கு, “கல்லு மாதிரி இருக்கு சார்” என்றார். ஓட்டிப் பார்க்க எடுத்து வந்தேன். எண்பதில் கிளம்பிய சார்ஜ், பதினைந்து கிலோமீட்டர் சுமாருக்குள், சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் ஏறும்போது ஐம்பத்தெட்டாக இறங்கியிருந்தது. கணக்குப் போட்டால் முழு சார்ஜுக்கு எழுபது கிலோமீட்டர்கூடத் தேறாது. கல்தான், ஆற்றில் போட்ட கல்.

எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளப் பென்ஷன் வாங்கும் சொல்தா ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்தார். 1954-இல் இங்கிருந்து கொடியை இறக்கிக்கொண்டு போன அந்தத் தேசத்தில், நான்கு வயது தாண்டிய காரை விற்பவர், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பரிசோதனை அறிக்கையை வாங்குபவரிடம் கொடுத்தாக வேண்டுமாம். போதாக்குறைக்கு 2027 பிப்ரவரி 18 முதல் ஐரோப்பியச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்கார் பேட்டரிக்கும் பாஸ்போர்ட் உண்டு. பாஸ்போர்ட் என்றாலே பாரீஸை நினைத்துப் பெருமூச்சுவிடும் இவ்வூரில், ஒரு பேட்டரிக்கு அது கிடைக்கிறதென்றால் எத்தனை பேருக்கு வயிறு எரியும்!

பேட்டரியைச் சோதிப்பது போக்குவரத்து இலாகாவின் வேலை என்று தாங்கள் சொல்லக்கூடும். ஆகவேதான் தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரு யோசனையைச் சமர்ப்பிக்கிறேன். வித்தியாசத்தின் மேல் வரி போடுவது தங்களுக்குக் கைவந்த கலை. வியாபாரி சொன்ன கிலோமீட்டருக்கும் வண்டி ஓடின கிலோமீட்டருக்கும் உள்ள வித்தியாசத்தின் மேலும் அதே 18 சதவிகிதத்தைப் போடுங்கள். பேட்டரியை அளக்கும் கருவியோடு தங்கள் அதிகாரிகள் மறுநாளே கடைகடையாக ஏறிவிடுவார்கள், கஜானாவும் நிறையும்.

இங்ஙனம்,
காரை இன்னும் வாங்காத
நோணாங்குப்பத்தான்

பி.கு.: வண்டியைத் திருப்பிவிடுமுன் படகுத்துறை வாசலில் பாப்கார்ன் வாங்கித் தின்றேன். உப்புப் போட்டது, உறையில்லாதது.