ஒரு முறை வரைந்தால் போதும்

சூப்பர்மேன் உலகத்தைக் காப்பாற்றினார் என்பது காமிக்ஸ் கதை. ஊர் பேர் தெரியாத ஒரு கார்ட்டூன் கம்பெனியைக் காப்பாற்றினார் என்பது நிஜக் கதை. இரண்டாவதுதான் கஷ்டமான வேலை.

அறுபதுகளின் நடுவில் கலிபோர்னியாவில் ஃபில்மேஷன் என்ற கம்பெனி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பெயர்ப்பலகை இருந்தது. படம் வரையும் மேஜைகள் வரிசையாக இருந்தன. உட்கார்ந்து வரையத்தான் ஆள் இல்லை. பழைய வேலை முடிந்துவிட்டது, புது வேலை வரவில்லை, மிச்சமிருந்தவர்கள் முதலாளிகள் மட்டுமே. ஒருவர் பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த லூ ஷைமர். இன்னொருவர் டிஸ்னியில் கைபழகிய ஹால் சதர்லேண்ட். போஸோ என்ற கோமாளியின் கார்ட்டூனில் ஒன்றாக வேலை பார்த்தபோது சிநேகிதமானவர்கள். 1962இல் சொந்தக் கடை போட்டார்கள். மூன்றாமவர் நார்ம் பிரெஸ்காட், பாஸ்டன் வானொலியில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர். அவருக்கு வரையத் தெரியாது, பேசத் தெரியும். எந்தக் கம்பெனிக்கும் அப்படி ஒருவர் வேண்டும்.

இந்த நிலைமையில்தான் நியூயார்க்கிலிருந்து போன் வந்தது. சூப்பர்மேனை கார்ட்டூனாக்கி சனிக்கிழமை காலையில் ஓட்ட சிபிஎஸ் தொலைக்காட்சி ஆசைப்படுகிறது, செய்து தர முடியுமா? முடியும் என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனால் சூப்பர்மேனுக்குச் சொந்தக்காரர்களான டிசி காமிக்ஸ், ஸ்டூடியோவைப் பார்வையிட ஓர் ஆளை அனுப்புகிறோம் என்றது. வந்து பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? நாற்காலிதான்.

ஷைமர் வயதான பிறகு நினைவுக்குறிப்பில் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டபடி, மற்ற ஸ்டூடியோக்களில் வேலை பார்த்த நண்பர்களையெல்லாம் அன்றைக்கு வரவழைத்தார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பக்கத்து வீட்டு சோபாவைத் தூக்கி வந்து போடுவோமே, அதே ஏற்பாடுதான். இங்கே தூக்கி வந்தது மனிதர்களை. ஆளுக்கொரு மேஜையில் தலை குனிந்து மும்முரமாக எதையோ கிறுக்கினார்கள். வந்தவர் சுற்றிப் பார்த்தார், பரம திருப்தியுடன் கிளம்பினார், கூட்டமும் கலைந்தது. 1966 செப்டம்பர் 10 அன்று சூப்பர்மேன் சிபிஎஸ்ஸில் பறந்தார். பழைய வானொலி நாடகத்தில் சூப்பர்மேனுக்குக் குரல் கொடுத்த பட் காலியரையே இதற்கும் பிடித்துவந்திருந்தார்கள். ஃபில்மேஷனுக்கு இனி நிஜமாகவே ஆட்களைச் சேர்க்க வேண்டிய கட்டாயம் வந்தது.

இடையில் அவர்களிடம் ஒரு முழுநீளப் படமும் கிடந்தது. டோரதி என்ற சிறுமி ஆஸ் மாயலோகத்துக்கு மறுபடி போவதாகக் கதை. அவள் முன்பு போன கதையைச் சொன்ன 1939 படத்தில் டோரதியாக நடித்தவர் ஜூடி கார்லண்ட். இந்தப் படத்துக்கு அவர் மகள் லைசா மினெல்லி குரல் கொடுத்தார், பதின்பருவத்தில். பிறகு பணம் தீர்ந்துபோனது. படம் அமெரிக்கத் தியேட்டருக்கு வந்தது 1974இல். அதற்குள் லைசா வளர்ந்து, பெரிய நட்சத்திரமாகி, சிறந்த நடிகைக்கான ஆஸ்கரையும் வாங்கிவிட்டார். டோரதி மட்டும் சிறுமியாகவே டப்பாவுக்குள் இருந்தாள்.

பணம் தீர்ந்துபோன அனுபவம் ஷைமருக்கு ஒரு ஞானத்தைக் கொடுத்தது: கார்ட்டூனில் காசைத் தின்பது அசைவு. கணக்குப் போட்டால் புரியும். சினிமா ஒரு நொடிக்கு 24 ஃபிரேம். அரைமணி நிகழ்ச்சியில் விளம்பரம் போக 22 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 31,680 ஃபிரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவைத்தாலும் 15,840 படம் வரைந்தாக வேண்டும். அதைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளுக்கு மாற்றி, பின்பக்கம் வண்ணம் பூசி, காயவைத்து, ஒவ்வொன்றாக கேமராவுக்குக் கீழே வைத்து எடுக்க வேண்டும். வாரா வாரம். டிஸ்னி வேண்டுமானால் செய்யட்டும்.

ஃபில்மேஷன் வேறு வழி கண்டது. சூப்பர்மேன் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் பறப்பதை ஒரே ஒரு முறை, நன்றாக, செலவழித்து வரை. அந்தத் தாள்களுக்கு எண் போட்டு அலமாரியில் வை. அடுத்த வாரம் எடு, பின்னணியை மாற்று, மறுபடி பறக்க விடு. போன வாரம் நகரத்துக்கு மேலே பறந்தவர் இந்த வாரம் கடலுக்கு மேலே பறப்பார். கை அதே கை, மேலங்கி அதே படபடப்பு. நடப்பது, ஓடுவது, திரும்பிப் பார்ப்பது எல்லாவற்றுக்கும் அலமாரியில் ஒரு கட்டு இருந்தது. அலமாரியில் இல்லாத எதையாவது கதாபாத்திரம் செய்ய நேர்ந்தால்? கேமராவை முகத்துக்கு அருகில் கொண்டுபோய்ப் பேசவிடு. பேச வாய் மட்டும் அசைந்தால் போதும். கன்னமும் மூக்கும் சம்பளமில்லாமல் சும்மா நிற்கும்.

சிக்கனம் படத்தில்தான், கௌரவத்தில் இல்லை. டைட்டிலில் யார் பெயர் முதலில் வருவது என்று ஷைமருக்கும் பிரெஸ்காட்டுக்கும் தீராத பிரச்சினை. நம்மூர் இரட்டைக் கதாநாயகர் படங்களுக்கே வந்த சோதனை இது. அவர்கள் கண்ட தீர்வு: இரண்டு பெயரையும் வட்டமாகப் போட்டு, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுழலவிட்டார்கள். யார் முதல் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கம்பெனி தயாரித்ததிலேயே ஓயாமல் அசைந்த காட்சி அதுதான் என்று வம்பர்கள் சொல்வார்கள்.

அறுபதுகளின் கடைசியில், கார்ட்டூனில் அடிதடி அதிகம் என்று பெற்றோர் சங்கங்கள் கொடி பிடித்தன. சூப்பர் ஹீரோக்கள் ஓரம்போக, 1968இல் ஃபில்மேஷன் ஆர்ச்சியைக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடப் பையன்கள், காதல், கிதார். யாரும் யாரையும் அடிக்கவில்லை, வாரம் ஒரு பாட்டுப் பாடினார்கள். அதில் 'சுகர், சுகர்' என்ற பாட்டு 1969இல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் நான்கு வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. அது கீழே தள்ளிய பாட்டு ரோலிங் ஸ்டோன்ஸுடையது. குடித்து, கூத்தடித்து, தலைமுடி வளர்த்துப் புரட்சி செய்த ரத்தமும் சதையுமான மனிதர்களை, ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும் வண்ணப் படங்கள் தோற்கடித்தன. குரல் கொடுத்த ரான் டான்டேயின் முகம் வெளியே யாருக்கும் தெரியவில்லை.

1973இல் அடுத்த வேட்டை, ஸ்டார் ட்ரெக். நிறுத்தப்பட்ட தொடரை கார்ட்டூனாக்க என்பிசி கேட்டது. வரைவதில் மிச்சம் பிடித்தவர்கள் குரலிலும் மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். ஸ்காட்டியாக நடித்த ஜேம்ஸ் டூகன் எத்தனை குரல் வேண்டுமானாலும் பேசுவார். பிறகு சூலு, உஹுரா பாத்திரங்களுக்கு அசல் நடிகர்கள் எதற்கு? இதைக் கேள்விப்பட்ட, ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமோய், அந்த இரு பாத்திரங்களில் நடித்த ஜார்ஜ் டகேயும் நிஷெல் நிக்கல்ஸும் இல்லாவிட்டால் தானும் வரப்போவதில்லை என்றுவிட்டார். ஸ்பாக் இல்லாத ஸ்டார் ட்ரெக்கை விற்க முடியாது, எனவே இருவரும் சேர்க்கப்பட்டார்கள். செகோவாக நடித்த வால்டர் கோனிக்குக்கு மட்டும் இடமில்லை. ஆறுதலாக ஓர் அத்தியாயம் எழுதும் வாய்ப்புக் கிடைத்தது. இத்தனை கஞ்சத்தனத்துக்கு நடுவிலும் கதைகள் நன்றாக இருந்தன. மூலத் தொடர் ஒரு எம்மி விருதைக்கூட வாங்கியதில்லை. 1975இல் கார்ட்டூன் வாங்கிவிட்டது.

ஸ்டார் ட்ரெக் கார்ட்டூனுக்கு ஓராண்டு முன்பே, 1972இல், 'ஃபேட் ஆல்பர்ட்' தொடங்கியிருந்தது. கருப்பினச் சிறுவர்களை நாயகர்களாக்கி, கல்வியாளர்களிடம் கதையைக் காட்டி அனுமதி வாங்கி எடுத்த தொடர். நடுநடுவே நகைச்சுவை நடிகர் பில் காஸ்பி வந்து நீதி சொல்வார். நீதி சொன்னவர் பின்னாளில் நீதிமன்றப் படியேறியது தனிக் கதை.

நீதி சொல்வது ஷைமருக்குப் பிடித்துப்போய்விட்டது. 1983இல் வந்த ஹீ-மேனிலும் ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் யாராவது ஒருவர் நம்மைப் பார்த்துப் பொய் சொல்லக் கூடாது, பெரியவர்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்பார். சொல்லாமல் விட்ட நீதி ஒன்றுதான்: அப்பாவிடம் அடம்பிடித்து மேட்டல் பொம்மை வாங்கு. நிகழ்ச்சியே அந்தப் பொம்மைக்காகத்தான். பொம்மைக் கம்பெனியான மேட்டலுக்கும் ஃபில்மேஷனுக்கும் ஜாதகம் பத்துக்குப் பத்து. ஹீ-மேன் சவாரி செய்யும் பச்சைப் புலி, மேட்டல் வேறொரு பொம்மை வரிசைக்காகச் செய்துவைத்திருந்த பழைய புலி அச்சுதான். பச்சை அடித்துப் புதுசாக்கினார்கள்.

தூர்தர்ஷனில் ஹீ-மேன் பார்த்து, ஸ்கேலை வாளாகத் தூக்கியவர்களுக்குச் சில உண்மைகளைச் சொல்லியாக வேண்டும். இளவரசர் ஆடமும் ஹீ-மேனும் ஒரே முகம், ஒரே முடி, ஒரே உடற்கட்டு. சூப்பர்மேனாவது மாறுவேஷத்துக்குக் கண்ணாடி போட்டார். இவர் சட்டையைக் கழற்றுவார், அவ்வளவுதான், அப்பா அம்மாவுக்கே அடையாளம் தெரியாது. வில்லன் ஸ்கெலட்டரும், அவனை எதிர்க்கும் மேன்-அட்-ஆர்ம்ஸும் ஒரே மனிதரின் குரல். ஆலன் ஓப்பன்ஹைமர் தனக்குத்தானே சவால் விட்டுக்கொண்டிருந்தார். சுற்றிச் சுற்றி வரும் குட்டி மந்திரவாதி ஆர்கோ, சாட்சாத் முதலாளி ஷைமரேதான். டைட்டிலில் புனைபெயர் போட்டுக்கொண்டார். அந்த ஆர்கோவின் பழைய பெயர் கார்போ. ஆங்கிலத்தில் 'ஜி' என்று தொடங்கும் பெயர், அதே எழுத்து நெஞ்சிலும் இருக்கும். அலமாரிப் படத்தைத் திருப்பிப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டினால் 'ஜி' இடம்வலம் மாறித் தெரிந்துவிடுமே! 'ஓ'வுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெயரை ஆர்கோ என்று மாற்றிவிட்டார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்க நியூமராலஜி பார்க்கிறவர்களுக்கு இது புரியும்.

ஹீ-மேன் இவ்வளவு பெரிய வாள் வைத்திருந்தும் யாரையும் வெட்டியதில்லை, மூக்கில் ஒரு குத்துக்கூட விட்டதில்லை என்றே சொல்லலாம். தூக்குவார், எறிவார், பாறையை நகர்த்துவார். வன்முறைக் கட்டுப்பாடு அப்படி. ஷைமர் வீட்டில் ஒரு பரம்பரைக் கதை உண்டு: ஜெர்மனியில் பிறந்த யூதரான அவர் அப்பா, இருபதுகளின் தொடக்கத்தில் ஹிட்லர் என்ற இளைஞனை ஓங்கி அறைந்துவிட்டு, ஊரைவிட்டுக் கிளம்ப நேர்ந்ததாம். உண்மையோ பொய்யோ, அப்பாவுக்குக் கிடைத்த வாய்ப்பு மகன் பெற்ற ஹீ-மேனுக்குக் கிடைக்கவில்லை.

கம்பெனியின் ராசி பேய் விஷயத்தில் சோதித்தது. 1975இல் இரண்டு நடிகர்களையும் கொரில்லா வேஷம் போட்ட ஒருவரையும் வைத்து 'கோஸ்ட் பஸ்டர்ஸ்' என்ற தமாஷ் தொடரை ஃபில்மேஷன் எடுத்திருந்தது. 1984இல் கொலம்பியா அதே பெயரில் பெரிய படம் எடுத்தபோது பெயருக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தது. லாபத்திலும் ஒரு சதவீதம் பேச்சு. ஹாலிவுட் கணக்குப்பிள்ளைகளைத் தெரிந்தவர்களுக்கு முடிவும் தெரியும்: 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்தில் லாபம் என்று ஒன்று வரவே இல்லை என்பார் ஷைமர். சரி, கார்ட்டூனாவது நாம் எடுப்போம் என்று 1986இல் கொரில்லாவோடு கிளம்பினார்கள். அதே மாதம் கொலம்பியாவும் தன் கார்ட்டூனை இறக்கியது, பெயர் 'அசல் கோஸ்ட் பஸ்டர்ஸ்'. பெயரை முதலில் வைத்தவன் டூப்ளிகேட் ஆனான். அசல் திருநெல்வேலி அல்வாக் கடைகள் இருக்கும் தெருவில் இதை விளக்க வேண்டியதில்லை.

இத்தனை கேலிக்கும் உரிய அந்த அலமாரியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். எழுபதுகளிலிருந்தே மற்ற அமெரிக்க கார்ட்டூன் கம்பெனிகள் வரையும் வேலையை ஆஸ்திரேலியா, ஜப்பான், தைவான், கொரியா என்று கப்பலேற்றத் தொடங்கின. 1979இலும் 1982இலும் படக் கலைஞர்களின் சங்கம் இதற்காகவே வேலைநிறுத்தம் செய்தது. இரண்டாவது போராட்டம் தோற்றது. ஃபில்மேஷன் மட்டும், 1981இல் ஜோரோ தொடரை ஜப்பானுக்கு அனுப்பியதைத் தவிர, வேலையை உள்ளூரிலேயே வைத்திருந்தது. உள்ளூர்க்காரனுக்குச் சங்கச் சம்பளம் கொடுத்துக்கொண்டு கொரியா விலையில் நிகழ்ச்சி விற்க வேண்டும் என்றால், ஹீ-மேன் ஒரே ஓட்டத்தை ஆயிரம் தடவை ஓடித்தான் ஆக வேண்டும். அவர் ஓடியது பல குடும்பங்களின் வீட்டுத் தவணைக்காக. அங்கே கைபழகியவர்களில் புரூஸ் டிம்மும் பால் டீனியும் உண்டு. பிறகு தொண்ணூறுகளின் புகழ்பெற்ற பேட்மேன் கார்ட்டூனைக் கொண்டுவந்தவர்களில் அவர்களும் உண்டு. பட்டினி போட்டு வளர்த்தாலும் பிள்ளைகள் தேறிவிட்டார்கள்.

1989இல் முடிவு வந்தது. கம்பெனி அப்போது வெஸ்டிங்ஹவுஸ் கையில் இருந்தது. அவர்கள் அதை விற்றது, லோரியால் என்ற பிரெஞ்சு அழகுசாதன நிறுவனம் முன்னின்ற ஒரு கூட்டுக்கு. லிப்ஸ்டிக் கம்பெனிக்கு கார்ட்டூன் எதற்கு? ஐரோப்பியத் தொலைக்காட்சிகளுக்கு விற்கப் பழைய படப்பெட்டிகள் வேண்டும், அவ்வளவே. பெரிய நிறுவனங்கள் ஆட்களைக் கூட்டமாக நீக்கினால் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் பிப்ரவரி 4 அன்று அமலுக்கு வர இருந்தது. ஃபில்மேஷன் பிப்ரவரி 3, வெள்ளிக்கிழமை மூடப்பட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் பென்சிலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். காலண்டரை இவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறவர்கள் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிக்கப் போயிருக்கலாம்.

புது முதலாளிகளுக்கு அனிமேஷன் தெரியாது என்று அன்றைக்குப் பலர் திட்டினார்கள். அது அநியாயம். ஃபில்மேஷனின் மூல மந்திரத்தை அவர்களைப் போல் யாரும் புரிந்துகொள்ளவில்லை: ஒரு முறை வரைந்துவிட்டால் திரும்பத் திரும்ப ஓட்டலாம், வரைந்தவனைக் கூப்பிட வேண்டியதில்லை. ஷைமர் அதைச் சூப்பர்மேனிடம் செய்து பார்த்து ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். லோரியால் அதை ஆட்களிடமே செய்து பார்த்து, சம்பளத்தையும் மிச்சம் பிடித்தது.