கதை மாந்தரின் நகரப் பிரவேசமும் பிணக்கும்: ஓர் ஆராய்ச்சி

எறும்பின் நடை முதல் நட்சத்திரங்களின் வயது வரை அளந்து நூல்கள் எழுதிக் குவித்துள்ள உலகத்து அறிஞர்கள், கதைகளில் குடியிருக்கும் கன்னியரும் பூதங்களும் தெய்வங்களும் நம்முடைய உலகுக்குள் ஆடல் பாடலோடு நுழையும்பொழுது எந்த மார்க்கமாக வருகிறார்கள், வந்தபின் எந்த க்ஷணத்தில் நம்மில் ஒருவராக ஆகிறார்கள் என்னும் மகத்தான பிரச்னையை முறைப்படி ஆராயாமல் விட்டது பெருங்குறை என்றே கருத வேண்டியிருக்கிறது. அக்குறையை நிவர்த்திக்க முற்படும் இச்சிறு ஆராய்ச்சி, திருவண்ணாமலையில், திருவூடல் தெருவை ஒட்டிய ஒரு காப்பிக் கடைப் பெஞ்சில் அமர்ந்து செய்யப்பட்டது. இடப் பொருத்தம் போகப் போக விளங்கும்.

பிரவேச மார்க்கங்கள் நான்கு என்க. முதலாவது துவார மார்க்கம். 2007-ஆம் ஆண்டில் டிஸ்னி கம்பெனியார் வெளியிட்டதும், கெவின் லிமா இயக்கி ஆலன் மென்கன் இசையமைத்ததுமான ‘என்சாண்டட்’ என்னும் படத்தில், ஆண்டலேசியா என்னும் சித்திர உலகத்து ஜிஸெல் என்ற கன்னி, மணக்கோலத்தில் நிற்கும்பொழுது, மாமியாராக வேண்டியவளான ராணி கிழவி வேஷத்தில் வந்து கிணற்றில் தள்ளிவிட, நியூயார்க் நகரத்து டைம்ஸ் சதுக்கத்தில் பாதாளச் சாக்கடை மூடியைத் தூக்கிக்கொண்டு எழுகிறாள். இரண்டாவது பாண்ட மார்க்கம். எஃப். ஆன்ஸ்டி என்னும் ஆங்கிலேயர் 1900-இல் எழுதிய நாவல் 1964-இல் ஹாலிவுட் படமாகி, அதன் வழியே 1967-இல் ‘பட்டணத்தில் பூதம்’ ஆகியபொழுது, ஜாவர் சீதாராமன் ஜீபூம்பாவாக ஜாடியிலிருந்து புறப்பட்டு ஜெய்சங்கருக்கு ஊழியம் செய்தது இவ்வகை.

மூன்றாவது முச்சந்தி மார்க்கம். 1943-இல் புதுமைப்பித்தன் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்ற கதையில், துவாரமும் வேண்டாமல் பாண்டமும் வேண்டாமல், சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுமிடத்தில் கடவுள் தோன்றித் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். நான்காவது கட்டிய மார்க்கம். இந்தத் திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசை முதலிய கிராமங்களில் ஆடப்படும் தெருக்கூத்தில், இருவர் பிடித்த திரைக்குப் பின்னிருந்து, தோளில் புஜகீர்த்தியும் தலையில் கிரீடமுமாகத் துரியோதன மகாராஜன் பாடிக்கொண்டு வெளிப்பட, கட்டியக்காரன் அவனை வணங்கிவிட்டு, உள்ளூர் நடப்பையெல்லாம் இழுத்துக் கேள்வி கேட்டு, அஸ்தினாபுரத்தை ஒரே நொடியில் ஆரணிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான்.

இனி, வந்தவர் எப்பொழுது நம்மவர் ஆகிறார் என்னும் வினாவுக்கு வருவோம். பூர்வ பக்ஷத்தார் சிலர், ஆகாரமே பிரமாணம் என்பர். புதுமைப்பித்தனின் கடவுள் ஹோட்டலில் காப்பி குடித்ததை ஆதாரமாகக் காட்டுவர். இது பொருந்தாது. காப்பியில் கண்ட ருசியைத் தம் லீலை என்று கடவுள் எண்ண, அது ஹோட்டல்காரன் கலந்த சிக்கரியின் லீலை என்று பிள்ளை திருத்த வேண்டியிருந்ததாதலால், காப்பி குடித்த பின்னும் அவர் அயலூராராகவே இருந்தார் என்பது தெளிவு. தொழிலே பிரமாணம் என்பாரும் உளர். ஜிஸெல் வந்த மறுநாளே வீட்டு வேலையில் இறங்கினாள் என்பது உண்மையே. ஆனால் அவள் ஜன்னலைத் திறந்து பாடிக் கூப்பிட்டதும், புறாக்களும் எலிகளும் கரப்பான் பூச்சிகளும் திரண்டு வந்து குளியலறையைத் தேய்த்துக் கழுவின. கரப்பானைக் கண்டு அலறாமல் வேலை ஏவுகிறவளை இவ்வுலகத்துப் பிரஜை என்று எந்த நியாயஸ்தலமும் ஒப்பாது.

சித்தாந்தம் யாதெனில், பிணக்கே பிரமாணம் என்பதாம். ஜிஸெலுக்கு அடைக்கலம் தந்த ராபர்ட் என்பவர் விவாகரத்து வழக்கறிஞர் என்பதை மேலைநாட்டு விமரிசகர்கள் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டனர். அதன் தாத்பரியம் ஆழமானது. அவருடைய கட்சிக்காரராகிய தம்பதிகள் பிரியப் போகிறார்கள் என்று கேட்டுக் கண்ணீர் விட்ட அக்கன்னி, பின்னொரு சமயம் ராபர்ட்டோடு வாக்குவாதம் செய்கையில், தன் வாழ்நாளிலேயே முதன்முறையாகத் தனக்குக் கோபம் வந்துவிட்டதைக் கண்டுபிடித்து ஆனந்தத்தால் சிரிக்கிறாள். சந்தித்த மறுநாள் கல்யாணம் என்ற வழக்கமுள்ள ஆண்டலேசியாவில் கோபத்துக்கு அவகாசமே இல்லை. அவள் நியூயார்க்வாசி ஆனது அந்தக் க்ஷணத்தில்தான். புதுமைப்பித்தனின் கடவுளோ, தேவியாரை ஆடுவதற்கு அழைத்தாரேயன்றிப் பிணங்குவதற்கு அழைக்கவில்லை. ஆகவே விருந்தாளியாக வந்து விருந்தாளியாகவே போனார்.

இந்த உண்மையை நியூயார்க் நகரம் 2007-இல்தான் அறிந்தது. திருவண்ணாமலையோ ஆண்டுதோறும் தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, தெருவில் வைத்தே நிரூபித்து வருகிறது. காலையில் நந்தியெம்பெருமான் காய்கனிகளோடு வடையும் முறுக்கும் கோத்த மாலை அணிந்து நிற்க, தரிசனம் தந்து மாடவீதி வலம் வரும் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலையம்மைக்கும் மாலையில் மனஸ்தாபம் மூள்கிறது. அம்மையை விடுத்து ஐயனை மட்டுமே வணங்கும் பிருங்கி முனிவருக்கு ஐயன் அருள் செய்யப் போவதே காரணம். அம்மையின் கட்சியில் நியாயம் இருக்கிறது என்பது மாதர் அனைவரும் ஒப்பிய முடிபு. செல்போன் கடை விளக்குகளுக்கும் தீவட்டிகளுக்கும் நடுவே, நாகசுரமும் மேளமும் முழங்க, இரண்டு உற்சவ மூர்த்திகளும் எதிரும் புதிருமாக நிற்க, சுந்தரர் நடுவில் தூது போய் வருகிறார். தம் வீட்டுச் சண்டையையே தீர்க்கச் சிவபெருமானைத் தூது அனுப்பியவர் அவர் என்பதால், கடன் திருப்பப்படுகிறது என்று கொள்க. தூது பலிக்கவில்லை. அம்மை கோயிலுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ள, ஐயன் அன்றிரவு குமரக் கோயிலில் தங்குகிறார். பதினான்கு லோகங்களுக்கும் அதிபதியானவர் மனைவியோடு பிணங்கி மகன் வீட்டில் படுத்திருக்கும் அந்த இரவில், அவர் நம்மூர்க்காரர் என்பதில் யாருக்காவது ஐயம் எழுமோ? மறுநாள் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்துத் திரும்பியபின் மறுவூடல் கண்டு சமாதானமாகிறார்கள்.

கோயில் திருவிழாவையும் வேடிக்கைப் படத்தையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று ஆக்ஷேபிப்போர்க்கு விடை எளிது. இசை உண்டு, குடும்பம் உண்டு, சிரிப்பு உண்டு, இறுதியில் சுபம் உண்டு. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பார்க்க வரும் கூட்டமும் உண்டு. ஒரே பேதம், இங்கே துவாரமும் ஜாடியும் தேவைப்படாததுதான். வெளியூர் போகாதவருக்கு வரும் வழி எதற்கு? மேலும் 1330 குறள்களில் கடைசிப் பத்தை ஊடலுவகைக்கே ஒதுக்கி நூலை முடித்த வள்ளுவரும் நம் கட்சியே என்பதால், வாதம் இத்துடன் முடிவடைகிறது.

ஆகவே, பிணக்குற்ற தம்பதிகளுக்கு இவ்வாராய்ச்சியின் பயனாகச் சொல்லக்கூடியது இது: வழக்கறிஞரைத் தேடுமுன் தை இரண்டாம் நாள் திருவூடல் தெருவுக்கு வந்து சேருங்கள், திருவூடல் கண்டவர் வீட்டில் பிணக்கு நீங்கும் என்பது இவ்வூர் நம்பிக்கை. நீங்காவிடினும் கணவன்மார் கலங்க வேண்டியதில்லை. கதவு அடைபட்ட இரவில் செய்ய வேண்டியது இன்னது என்பதற்குத் தெய்வமே முன்மாதிரி காட்டியிருக்கிறது; கிரிவலப் பாதை இரவு முழுவதும் திறந்தே இருக்கிறது.